ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்



உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். அடுப்புக்கு அருகில் ஓர் உப்பு ஜாடி இருக்கும். பக்கத்தில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும். ஒரு மூலையில் குடிநீர்ப் பானை இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து பல கோடி உயிர்களைக் காத்திருக்கின்றன என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். ஆனால் அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. உப்பும் வெல்லமும் பன்னெடுங் காலமாக மனிதரிடம் இருக்கின்றன. வயிற்றுப்போக்கும் அப்படியே. நோயும் மருந்தும் ஒரே வீட்டில் இருந்தும், இந்த மருந்து மருத்துவமனையில் முறையாக நிரூபிக்கப்படுவதற்கு 1968ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நிரூபித்த பிறகும் அது கிராமத்துத் தாயின் கைக்குப் போய்ச் சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஆராய்ச்சி என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் நமக்குப் புரியும். வாருங்கள், பார்ப்போம்.

உயிரைப் பறிப்பது எது?

வாந்திபேதி என்று நம் முன்னோர்கள் அஞ்சிய காலரா நோயை எடுத்துக்கொள்வோம். அதை உண்டாக்குவது ஒரு பாக்டீரியம். அசுத்தமான நீர் வழியாகவும் உணவு வழியாகவும் அது வயிற்றுக்குள் நுழைகிறது. குடல் சுவரை அரித்து ஓட்டை போடுவதில்லை; இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதும் இல்லை. சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது, அவ்வளவுதான். இந்த நச்சுப் பொருள் குடலில் நீரைக் கொட்டவைக்கிறது என்பதை 1959ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே என்ற விஞ்ஞானி.

நம் குடலுக்குள் ஒரு நாளில் எவ்வளவு நீர் வருகிறது தெரியுமா? நாம் குடிப்பது ஏறத்தாழ 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என்று உடலே ஊற்றுவது ஏறத்தாழ 7 லிட்டர். ஆக மொத்தம் 9 லிட்டர். ஆனால் மலத்தில் வெளியேறுவது அரைத் தம்ளருக்கு மேல் இராது. மீதி நீரையெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சி இரத்தத்திற்கு அனுப்பிவிடுகிறது. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு, பாருங்கள்!

காலரா நச்சு இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது. குடல் செல்களில் உள்ள ஒருவகைக் குழாய்கள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. அவற்றின் வழியே குளோரைடு அயனிகள் குடலுக்குள் கொட்டுகின்றன. சோடியமும் நீரும் பின்தொடர்ந்து வெளியேறுகின்றன. கடுமையான காலராவில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். கண்கள் குழி விழுகின்றன, தோல் சுருங்குகிறது, நாடித் துடிப்பு மங்குகிறது. சில மணி நேரத்தில் மரணமும் நேரலாம்.

குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் நீரை இழந்தால், அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்த நிலையில் குழந்தையின் உயிரே ஊசலாடத் தொடங்கிவிடும். இதற்குக் காலராவே வரவேண்டும் என்பதில்லை. வேறு பல கிருமிகளால் வரும் கடும் வயிற்றுப்போக்கும் போதும்.

ஆகவே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமி அன்று. நீரும் உப்பும் வெளியேறுவதுதான். இழந்ததைத் திரும்பக் கொடுத்துவிட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார். சில நாட்களில் கிருமியை உடலே வெளியேற்றிவிடும்.

இரண்டு சாவிக் கதவு

'அப்படியானால் நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் போதுமே!' என்று நீங்கள் சொல்லலாம். வெறும் தண்ணீர் கொடுத்தால் இழந்த உப்பு திரும்பாது. உப்புநீர் மட்டும் கொடுத்தாலும், காலரா பிடித்த குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை. 'குடல் முழுவதுமே பழுதாகிவிட்டது. வாய் வழியே எது கொடுத்தாலும் வீண்' என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள்.

எனவே சிரை வழியாக உப்புநீர் ஏற்றும் முறை வந்தது. 1832ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா இதைச் செய்து காட்டினார். இதைத்தான் நம் ஊரில் 'சலைன் ஏற்றுவது', 'குளூக்கோஸ் ஏற்றுவது' என்று சொல்கிறோம். நல்ல முறைதான். ஆனால் கிருமி நீக்கிய நீர், ஊசி, குழாய், பயிற்சி பெற்ற கைகள், மருத்துவமனை எல்லாம் வேண்டும். வெள்ளம் சூழ்ந்த கிராமத்தில் இவற்றுக்கு எங்கே போவது?

இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி 1960ஆம் ஆண்டில் கிடைத்தது. குடல் சர்க்கரையை எப்படி உறிஞ்சுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிராக் நகரில் நடந்த மாநாட்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். குளூக்கோஸ் தனியாக உள்ளே போவதில்லை. சோடியத்துடன் சேர்ந்தே போகிறது என்பதே அந்தக் கருத்து.

கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள் இருக்கும். ஒரு சாவி ஒருவரிடம், மற்றொரு சாவி வேறொருவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் உண்டியல் திறக்கும். குடல் செல்லின் இந்தக் கதவும் அப்படித்தான். ஒரு சாவி குளூக்கோஸ். மற்றொரு சாவி சோடியம். இரண்டும் சேர்ந்து வந்தால் கதவு திறக்கிறது; இரண்டும் உள்ளே போகின்றன; நீரும் கூடவே போகிறது.

இதில் ஓர் அதிசயம் பாருங்கள். காலரா நச்சு குழாயைத்தான் திறந்துவிடுகிறது. இந்தக் கதவை அது கெடுப்பதில்லை! ஒருபக்கம் நீர் கொட்டிக்கொண்டிருந்தாலும், மறுபக்கம் இந்தக் கதவு வழியே நீரை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கலாம். சர்க்கரை இந்த மருந்தில் ருசிக்காகச் சேர்ப்பது அன்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

அளவு தவறினால்...

கதவு இருப்பது தெரிந்தால் மட்டும் போதுமா? எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்பது தெரிய வேண்டும். மாங்காய்த் துண்டின் மேல் உப்பைத் தூவிச் சிறிது நேரம் வைத்தால் நீர் விட்டுக்கொள்கிறது, பார்த்திருப்பீர்கள். செறிவு மிகுந்த இடம் நீரைத் தன்பக்கம் இழுக்கும். குடலுக்குள் மிகவும் செறிவான கரைசல் போனாலும் அதேதான் நடக்கும். நீர் உள்ளே போவதற்குப் பதிலாக உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். நோய் முற்றும்.

1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில், அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் வாய்வழிக் கரைசலைச் சோதித்தபோது இந்த விபரீதம் நேர்ந்தது. கரைசலின் செறிவு பொருத்தமாக அமையவில்லை. சில நோயாளிகள் இறந்துபோனார்கள். சோதனை நிறுத்தப்பட்டது. கருத்து சரியாக இருந்தும் அளவு சரியாக இல்லாவிட்டால் உயிர் போகும் என்பது அந்தச் சோதனை கற்றுத்தந்த கசப்பான பாடம்.

அதற்கு முன்பே, 1953ஆம் ஆண்டில், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளூக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துக் குணப்படுத்தியதாக 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். ஆனால் அவர் வேறொரு நோயாளிக் குழுவுடன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து காட்டவும் இல்லை. எனவே மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

அளந்து காட்டும் வேலை டாக்காவில் நடந்தது. 1960ஆம் ஆண்டில் அங்கே காலரா ஆராய்ச்சிக்கூடம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அங்கிருந்த கட்டில்கள் வினோதமானவை. நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே அளவுக் கோடுகள் போட்ட வாளி. நோயாளி இழக்கும் நீரின் அளவு ஒவ்வொரு மணி நேரமும் இதனால் தெரிந்துவிடும். டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் மிக எளிய விதி ஒன்றை வகுத்தார்கள்: வாளியில் எவ்வளவு சேர்ந்ததோ அதற்கு ஈடாகக் குடிக்கக் கொடு. 1968ஆம் ஆண்டில் 29 நோயாளிகளிடம் செய்த சோதனையை வெளியிட்டார்கள். சிரை வழியாக ஏற்றவேண்டிய நீரில் 80 சதவீதம் மிச்சமாயிற்று! அதே காலத்தில் கல்கத்தாவில் இயங்கிய மற்றொரு குழுவினருக்கும் இதுபோன்ற முடிவே கிடைத்தது.

அகதி முகாமில் ஒரு தேர்வு

ஆராய்ச்சிக்கூடத்தில் வெற்றி கிடைத்தது. ஆனால் கட்டிலும் வாளியும் மருத்துவரும் இல்லாத இடத்தில்?

1971ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லை நகரமான போன்காவில் மட்டும் லட்சக்கணக்கானோர் தங்கினார்கள். மழைக்காலத்தில் காலரா பரவியது. அங்கிருந்த மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இரண்டு அறைகளும் 16 படுக்கைகளும்தான் இருந்தன. நோயாளிகள் தரையிலும் கிடந்தார்கள். மருத்துவர்கள் அவர்கள் நடுவே மண்டியிட்டு ஊசி ஏற்றினார்கள். சிரை வழி ஏற்றும் நீரும் தீர்ந்துகொண்டிருந்தது.

அங்கே பொறுப்பேற்றிருந்தவர் குழந்தை மருத்துவர் திலீப் மகலநபிஸ். வாய்வழிக் கரைசலைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் இவற்றை நிறுத்துப் பாலித்தீன் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் குழாய் வைத்த பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். 'சலைன் என்றால் பாட்டிலில்தான் வரும்' என்று எல்லாரும் எண்ணியிருந்ததால், அந்த டிரம்களை 'வாய்வழி சலைன்' என்று குறிப்பிட்டார்கள். நோயாளிகளின் தாய்மார்களும் உறவினர்களும் வந்து பிடித்துப்போய்த் தாங்களே புகட்டினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா!

முடிவு என்ன? இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏறத்தாழ 3,700 நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள். அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 1973ஆம் ஆண்டில் இந்த அறிக்கை வெளிவந்தது. 2022ஆம் ஆண்டில் மகலநபிஸ் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவித்தது.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அங்கே மருந்து புகட்டியவர்கள் மருத்துவர்கள் அல்லர், தாய்மார்கள்.

வீடு வீடாக ஒரு பள்ளிக்கூடம்

தாயே புகட்டலாம் என்றால், தாயே தயாரிக்கவும் கூடாதா? வங்கதேசத்தில் 1972ஆம் ஆண்டில் ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் இந்தக் கேள்வியைக் கேட்டது. அப்பொழுது அந்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலான பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தராசோ அளவுக் கரண்டியோ வீடுகளில் இல்லை. பாக்கெட்டாகச் செய்து அனுப்பலாம் என்றால், எல்லாருக்கும் போதுமான அளவுக்குத் தொழிற்சாலை உற்பத்தி இல்லை; மழைக்காலத்தில் பாதையும் இல்லை. ஆனால் கிராமத்து வீடுகளில் உப்பும் வெல்லமும் இருந்தன. கையில் விரல்கள் இருந்தன!

மூன்று விரல்களால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு. ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர். இதற்கு 'லொபோன்-குர்' என்று பெயர். வங்காளியில் உப்பு-வெல்லம் என்று பொருள். 1979ஆம் ஆண்டில் சில்ஹெட் பகுதியிலுள்ள சல்லாவில் முன்னோட்டச் சோதனை நடந்தது. 1980ஆம் ஆண்டில் பெரிய அளவில் வேலை தொடங்கியது. இளம் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். முற்றத்தில் உட்கார்ந்து, தாயின் கையாலேயே உப்பை அள்ளச் செய்து, கரைக்கச் செய்து, ருசி பார்க்கச் செய்தார்கள். நினைவில் வைக்கவேண்டிய கருத்துகளைப் பத்தாகச் சுருக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னர் அதையும் ஏழாகக் குறைத்தார்கள்.

ஆனால் உப்பு கூடினால் ஆபத்து என்று முன்பே பார்த்தோம். ஒவ்வொருவர் விரலும் ஒவ்வோர் அளவு. எனவே தாய்மார்கள் தயாரித்த கரைசல் மாதிரிகளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பி, உப்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தார்கள்.

ஊழியர்களின் சம்பளத்துக்கும் ஒரு புதிய முறை வகுத்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் அதே கிராமத்துக்குப் போவார். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சில வீடுகளைத் தேர்ந்தெடுப்பார். அந்த வீட்டுத் தாய்க்கு எத்தனை கருத்துகள் நினைவில் இருக்கின்றன, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊழியரின் ஊதியம். எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதற்கு அன்று. எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கே பணம்!

தெரிந்தும் செய்யாதது ஏன்?

இவ்வளவுக்கும் பிறகு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. தாய்மார்களைக் கேட்டால் பாடத்தைச் சரியாகச் சொன்னார்கள். கரைசலைச் சரியாகச் செய்தும் காட்டினார்கள். ஆனால் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே!

'படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் சொல்வார்கள். பிராக் ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. காலரா நச்சை ஆராய்ந்தவர்கள் 'ஏன்?' என்று கேட்டதுபோலவே அவர்களும் கேட்டார்கள். மூன்று விடைகள் கிடைத்தன.

முதல் விடை, கற்றுக்கொடுத்த ஊழியர்களிடமே இருந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அவர்களில் பலர் மாத்திரைதான் சாப்பிட்டார்கள்! தான் நம்பாததை மற்றவரை நம்பவைக்க முடியுமா? கரைசல் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களுக்கு விளக்கிக் கற்பித்தார்கள். விளங்கிய பிறகு அவர்கள் பேச்சிலேயே உறுதி வந்தது.

இரண்டாம் விடை, வீட்டு ஆண்களிடம் இருந்தது. பெண்களிடம் மட்டுமே பேசினார்கள். ஆண்களை யாரும் கலந்து பேசவில்லை. ஆகவே அவர்கள் ஆதரவு தரவில்லை. பின்னர் மசூதியிலும் சந்தையிலும் பள்ளியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். வானொலியிலும் சொன்னார்கள்.

மூன்றாம் விடைதான் மிகச் சுவையானது. அது ஒரு சொல்லில் ஒளிந்திருந்தது! அந்தக் கிராமங்களில் வயிற்றுப்போக்குக்கு ஒரே பெயர் இல்லை. பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒரு வகை. அதற்கு 'தூத் ஹாகா' என்று பெயர். செரிமானமின்மையால் வருவது 'அஜீர்ணோ'. சளியோடு போவது 'ஆமாஷா'. காலராபோல் தண்ணீராகக் கொட்டுவது மட்டுமே 'டயரியா'. ஊழியர்கள் 'டயரியாவுக்கு இதைக் கொடுங்கள்' என்றார்கள். தாய்மார்கள் அதை அப்படியே கேட்டார்கள். டயரியாவுக்கு மட்டும் கொடுத்தார்கள். கணக்கெடுத்தவர்களோ எல்லா வகை வயிற்றுப்போக்கையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினார்கள். பிழை தாய்மார்களிடம் இல்லை, கேள்வியில் இருந்தது!

குறைகளைத் திருத்தத் திருத்தப் பயன்பாடு உயர்ந்தது. 1990ஆம் ஆண்டில் இந்தப் பணி முடிவடைந்தபோது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் கடைதோறும் கிடைக்கத் தொடங்கியதும் மக்கள் அவற்றை எளிதில் ஏற்றுக்கொண்டார்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பதில் இன்று உலகின் முன்னணி நாடுகளில் வங்கதேசம் ஒன்று.

இன்னும் முடியாத ஆராய்ச்சி

கரைசலைப் பற்றிய ஆராய்ச்சியும் நிற்கவில்லை. 1980களில் டாக்காவில் குளூக்கோஸுக்குப் பதிலாக அரிசி மாவைக் காய்ச்சிச் சேர்த்துப் பார்த்தார்கள். காலராவுக்கு நல்ல பலன் தெரிந்தது. அரிசியிலுள்ள மாவுப்பொருள் குடலில் மெல்ல மெல்லக் குளூக்கோஸாக உடைகிறது. ஆகவே செறிவு ஒரேயடியாகக் கூடுவதில்லை. உப்புப் போட்ட கஞ்சியின் அருமை இதில் தெரிகிறதல்லவா? 2000ஆம் ஆண்டில் நம் வேலூர் ஆராய்ச்சியாளர்கள், எளிதில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளைச் சேர்த்தால் பெருங்குடலும் நீரை உறிஞ்ச உதவும் என்று காட்டினார்கள். 2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் உப்பையும் குளூக்கோஸையும் குறைத்துப் புதிய அளவை அறிவித்தது: ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளூக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம்.

1980ஆம் ஆண்டுவாக்கில் வயிற்றுப்போக்கால் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். 2024ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி அது ஏறத்தாழ நாலரை லட்சமாகக் குறைந்திருக்கிறது. சுத்தமான குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி, நல்ல உணவு ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் நாலரை லட்சம் என்பது சிறிய எண்ணா? உலகில் வயிற்றுப்போக்கு வரும் குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட இன்றும் ஓ.ஆர்.எஸ். கிடைப்பதில்லை.

ஏன்? மறுபடியும் அதே கேள்வி! 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதை நம் நாட்டிலேயே ஆராய்ந்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில், வைத்தியம் பார்ப்பவர்கள் 2,000க்கும் மேற்பட்டோரிடம், பயிற்சி பெற்ற நடிகர்கள் சென்றார்கள். 'என் 2 வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு' என்று சொன்னார்கள். சிலர் ஓ.ஆர்.எஸ். தங்களுக்கு விருப்பம் என்று காட்டிக்கொண்டார்கள், சிலர் காட்டவில்லை. முடிவைப் பாருங்கள். வைத்தியர்கள் ஓ.ஆர்.எஸ். எழுதித்தராததற்குக் காரணம், கையிருப்பு இல்லாமை என்பது 6 சதவீதம்தான். மற்ற மருந்தை விற்றால் வரும் இலாபம் 5 சதவீதம்தான். 'வந்தவர்களுக்கு இது பிடிக்காது, மாத்திரைதான் கேட்பார்கள்' என்று வைத்தியர்களே நினைத்துக்கொண்டதுதான் 42 சதவீதம்!

வைத்தியர் கொடுக்கட்டும் என்று வீட்டார் காத்திருக்கிறார்கள். வீட்டார் கேட்கட்டும் என்று வைத்தியர் காத்திருக்கிறார். நடுவே கிடக்கிறது குழந்தை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வாக்கியம் போதும்: 'ஐயா, ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?' இதை நீங்களே கேட்கலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்யலாம். தூள் உப்பும் பள்ளி ஆய்வகத் தராசும் போதும். ஒவ்வொருவரும் மூன்று விரல்களால் பத்துச் சிட்டிகை உப்பை அள்ளி ஒரு தாளில் போடுங்கள். அதை நிறுத்துப் பத்தால் வகுத்தால் உங்கள் ஒரு சிட்டிகையின் சராசரி எடை கிடைக்கும். எல்லாருடைய எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். மிகச் சிறியது எது? மிகப் பெரியது எது? சின்னக் கைக்கும் பெரிய கைக்கும் எவ்வளவு வித்தியாசம்? விரல் ஈரமாக இருந்தால்? கல்லுப்பாக இருந்தால்? பிராக் ஆராய்ச்சியாளர்கள் மாதிரிகளை ஏன் சோதனைக்கு அனுப்பினார்கள் என்பது அப்பொழுது உங்களுக்கே விளங்கும். அந்த உப்பைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அளந்து பார்க்க மட்டுமே.

அடுத்து, உங்கள் தெருவில் ஐந்து பெரியவர்களிடம் கேளுங்கள்: 'குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ன சொல்லால் அதைக் குறிப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'பேதி', 'கழிச்சல்', 'வயிற்றால் போகிறது', 'மாந்தம்' எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதானா, வெவ்வேறா? தயவுசெய்து திருத்தப் போகாதீர்கள், முதலில் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே சிறந்தது. பாக்கெட் முழுவதையும், அதன்மேல் அச்சிட்டுள்ள அளவு சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். வேறு எதுவும் சேர்க்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

பாக்கெட் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். ருசி பாருங்கள், கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாட்கள் வரை துத்தநாக மாத்திரையும் தருவார்கள். அதைச் சுகாதார ஊழியரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

கண் குழி விழுதல், குழந்தை சோர்ந்து துவண்டு கிடத்தல், குடிக்க முடியாமை, மலத்தில் இரத்தம் இவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலும் குடிக்க முடிந்தால் கரைசலைப் புகட்டிக்கொண்டே போகலாம்.

நண்பர்களே, குடல் செல்லின் கதவைக் கண்டறிந்ததும் விஞ்ஞானம்தான். வாளியில் கோடு போட்டு அளந்ததும் விஞ்ஞானம்தான். ஒரு தாய் 'டயரியா' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று பொறுமையாகக் கேட்டதும் விஞ்ஞானம்தான். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் சிட்டிகை உப்பு ஜாடியிலேயே கிடந்திருக்கும். நாளைக்கு நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், நல்ல வழி ஒன்று தெரிந்திருந்தும் மக்கள் அதைப் பின்பற்றவில்லை என்று கண்டால், அவர்களைக் குறை சொல்வதற்கு முன் 'ஏன்?' என்று கேளுங்கள். உங்கள் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.